கோழிக் குஞ்சும் வீட்டு நாயும்

கோழிக் குஞ்சுகளை வீட்டிற்குக் கொண்டு வரும் நாளில் அவற்றை முதலில் வந்து பார்ப்பவர் யார் என்று கேட்டால், குழந்தைகள் என்றே பலரும் கூறுவர். உண்மை அதுவன்று. அட்டைப் பெட்டியின் துளைகளில் மூக்கை வைத்து முதலில் நுகர்ந்து பார்ப்பது வீட்டு நாய்தான். குஞ்சுகளுக்குத் தீவனம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, தடுப்பு மருந்து எந்த நாளில் என்பனவற்றைக் கால்நடை மருந்தகத்தார் நமக்கு எடுத்துரைக்கின்றனர். ஆனால் பெட்டியின் பக்கத்தில் வந்து நிற்கும் அந்த நாயை என்ன செய்வது என்பதை எவரும் சொல்லக் காணோம். நாமும் கேட்பதில்லை. கேளாமையினால் விளைந்த நஷ்டம் எங்கள் வீட்டிலேயே நேர்ந்தது. அதனையே முதலில் கூறிவிடுகிறோம்.

புறக்கடையில் நாட்டுக் கோழி வளர்க்கும் எண்ணத்துடன், பொரித்து ஒரு நாளே ஆன 25 குஞ்சுகளை வாங்கி வந்தோம். பின்கட்டில் ஒரு பெரிய மூங்கிற் கூடை. அதில் உமி பரப்பி, மேலே விளக்குத் தொங்கவிட்டு, கூடையைச் சாக்கினால் மூடி வைத்தோம். வீட்டில் மணி என்னும் செவலை நிற நாட்டு நாய் ஒன்று உண்டு. நான்கு ஆண்டுகளாக வீட்டைக் காத்து வருவது. அண்டை வீட்டுக் கோழிகள் அதன் சோற்றுத் தட்டிலேயே வந்து கொத்தினாலும் உறுமாமல் விலகி நிற்பது. அத்தகைய நாயைப் பற்றி அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது என்று நாங்கள் கருதினோம். நான்காம் நாள் மாலை தண்ணீர் வைப்பதற்காகச் சாக்கை விலக்கிய சமயம், வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பதில் சொல்லித் திரும்புவதற்குள் ஒரு குஞ்சு கூடை விளிம்பில் தாவி ஏறி வெளியே விழுந்திருக்கிறது. நாங்கள் வந்தபோது மணி அதனை முன்னங்காலால் அமுக்கிக்கொண்டு, வாலை ஆட்டியவாறு எங்களைப் பார்த்தது. குஞ்சின் மீது பல் பட்ட அடையாளமே இல்லை. ஆயினும் உயிர் போய்விட்டது.

அன்றிரவு வீட்டில் நடந்த பேச்சு எளிதானதன்று. "ருசி கண்ட நாய் இனி விடாது, ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்றார் பாட்டி. அடுத்த வீட்டுப் பெரியம்மாவோ, செத்த குஞ்சை நாயின் மூக்கில் தேய்த்து நன்றாக அடித்தால் ஏழு ஜன்மத்திற்கும் மறக்காது என்றார். குஞ்சுகள் வீட்டுப் பெண்களின் சேமிப்புப் பணத்தில் வாங்கப்பட்டவை. எஞ்சிய 24 குஞ்சுகளையும் பணயம் வைத்து நாய்க்குப் பரிந்து பேசுவது எப்படி? குழந்தைகள் ஒரு மூலையில் நாயைக் கட்டிக்கொண்டு அழுதனர். ஒரு வார காலம் அவகாசம் என்று முடிவாயிற்று. அந்த ஒரு வாரத்தில் மணியை அவிழ்த்து விடுவதில்லை. அதற்குள் வழி தெரியாவிடில் அதனை வேறு யாருக்கேனும் கொடுத்துவிடுவது. அந்த ஒரு வாரத்திலும் அதன் பின்னரும் கால்நடை மருத்துவரிடம் கேட்டும், கண்ணால் கண்டும் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, வளர்ந்த கோழியைத் தொடாத நாய் குஞ்சையும் தொடாது என்று எண்ணுவது தவறு. நாயின் கண்ணுக்குக் கோழி வேறு, குஞ்சு வேறு. கோழி பெரிய உருவம், எதிர்த்து நிற்கும், சிறகை அடித்து முகத்தில் பாயும். குஞ்சோ 30 அல்லது 40 கிராம் எடையுள்ளது, சரேலென்று ஓடும், சட்டென்று நிற்கும், கீச்சுக் குரல் எழுப்பும். ஏறக்குறைய எலியின் குணங்கள் யாவும் அதனிடம் உள்ளன. எலியைக் கண்டால் துரத்துக என்று நாய்க்கு நாம் கற்பிக்கவில்லை. அது பிறவியிலேயே உள்ள தூண்டுதல். உற்று நோக்குதல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், பிடித்தல், கொல்லுதல் என்று அத்தூண்டுதல் படிப்படியாகச் செல்லும். பல நாய்கள் துரத்துவதோடு நின்றுவிடும். சில பிடித்துப் பார்த்து விட்டுவிடும். எனினும், குஞ்சின் மென்மையான உடலுக்கு நாயின் ஒரு கால் அழுத்தமே போதும். ஆகவே, கொல்ல எண்ணிய நாயும் விளையாட எண்ணிய நாயும் குஞ்சைப் பொறுத்தவரை ஒன்றுதான்.

இன்னொன்றும் கூறவேண்டும். அன்பினால் நக்கிக் கொடுக்கும் நாயினாலும் ஆபத்துண்டு. குட்டி போட்டுப் பழகிய பெண் நாய்கள் சில குஞ்சுகளைத் தம் குட்டி போல் எண்ணி நக்குவதுண்டு. பார்ப்பதற்கு மிக அழகாக இருக்கும்; புகைப்படம் எடுத்துப் பலருக்கும் அனுப்பத் தோன்றும். ஆனால் முதல் வாரத்துக் குஞ்சின் தூவி நனைந்தால் அதன் உடற்சூடு விரைவில் குறைந்து, குளிரினால் சுருண்டுவிடும்.

இனம் நோக்கியும் சற்று எச்சரிக்கை வேண்டும். தென் மாவட்டங்களுக்கே உரிய சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் ஆகியவை வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு, ஓடும் முயலை ஓடிப் பிடிக்கும் வகையைச் சேர்ந்தவை. இராஜபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டில் அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது. பெருமைக்குரிய இனங்கள்தாம், ஆனால் ஓடுவதைத் துரத்தாதே என்று அவற்றிடம் கூறுவது, மீனிடம் நீந்தாதே என்று கூறுவதை ஒக்கும். அவ்வினங்களை வைத்திருப்போர் பழக்குவதை நம்புவதைவிட வேலியை நம்புவதே நன்று.

அடுத்து, குஞ்சுகளின் இருப்பிடம். இதனை நாயின் பொருட்டுச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. தாய்க்கோழியின் சிறகடியில் வளரும் குஞ்சுக்கு வேண்டிய வெப்பம் தானே கிடைக்கிறது. பொரிப்பகத்திலிருந்து வரும் குஞ்சுக்கு அதை நாம் அளிக்க வேண்டும். முதல் வாரத்தில் ஏறக்குறைய 95 டிகிரி பாரன்ஹீட்; பின்னர் வாரத்திற்கு 5 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்பது பொதுவான கணக்கு. 25 குஞ்சுகளுக்கு 40 அல்லது 60 வாட் குண்டு விளக்கு ஒன்று போதுமானது. இக்காலத்து எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமேயன்றிச் சூடு தராது. அதனைத் தொங்கவிட்டுவிட்டு, விளக்கு எரிகிறதே என்று நிம்மதியாக உறங்கியவர் வீட்டில் காலையில் குஞ்சுகள் விறைத்துக் கிடந்ததை நாங்கள் அறிவோம். இழை எரியும் பழைய வகை விளக்கையே கேட்டு வாங்குதல் வேண்டும்.

வெப்பம் சரியா என்பதைக் குஞ்சுகளே கூறிவிடும். விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு கீச்சிட்டால் குளிர். விளக்கை விட்டு விலகி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிகுதி. எங்கும் பரவி, மெல்லிய முணுமுணுப்புடன் மேய்ந்தும் உறங்கியும் இருந்தால் சரி. இதற்கும் நாய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரான தொடர்பு உண்டு. குளிரில் வாடும் குஞ்சுகள் எழுப்பும் உரத்த கீச்சுக் குரலே நாயை மிகவும் கிளர்ச்சியடையச் செய்வது. எங்கள் கூடையில் முதல் மூன்று நாட்களும் விளக்கு உயரத்தில் தொங்கியது. குஞ்சுகள் ஓயாமல் கத்தின. மணியும் ஓயாமல் கூடையைச் சுற்றி வந்தது. மருத்துவர் வந்து பார்த்து, விளக்கை ஒரு சாண் கீழே இறக்கச் சொன்னார். கால் மணி நேரத்தில் சத்தம் அடங்கிற்று. கட்டிக் கிடந்த மணியும் தலையைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டது. நாயின் குற்றம் என்று நாங்கள் நினைத்ததில் பாதி எங்கள் விளக்கின் குற்றமாக இருந்தது.

விளக்கைப் பற்றிய மற்றோர் எச்சரிக்கை, உயிரையும் வீட்டையும் பற்றியது. மின் கம்பியிலேயே விளக்கைத் தொங்கவிடுதல் கூடாது. நாய் ஒரு முறை பாய்ந்தால் விளக்கு உமியில் விழும். உமி கனன்று தீப்பிடிக்கும். இரும்புச் சங்கிலியாலோ கட்டுக் கம்பியாலோ விட்டத்தில் இரண்டு இடங்களில் கட்டி, விளக்கைச் சுற்றி வலைக்கூடும் இட வேண்டும். மின் கம்பி நாய்க்கு எட்டாத உயரத்தில் சுவரோடு செல்ல வேண்டும்.

மூங்கிற் கூடையும் சாக்கும் நாய் உள்ள வீட்டிற்குப் போதா என்பது கூறாமலே விளங்கும். நான்கு கால் நாட்டிய மரப்பெட்டி, பக்கங்களில் அரை அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலை, மேலே கொக்கி போட்ட மூடி என்று உள்ளூர்த் தச்சரைக் கொண்டு செய்துகொண்டோம். ஒரு குஞ்சுக்கு அரைச் சதுர அடி இடம் என்னும் கணக்கில் நான்கு வாரங்கள் வரை அது போதும். பெரிய கண்ணுள்ள வலையைப் போட்டால் குஞ்சு தலையை வெளியே நீட்டும். நீட்டிய தலையை நாய் என்ன செய்யும் என்பதை எழுத வேண்டியதில்லை. கூடுமானால் பெட்டியைக் கதவுள்ள ஓர் அறையில் வைத்து, பெட்டிக்கு மூடி ஒன்று, அறைக்குக் கதவு ஒன்று என்று இரண்டு தடைகள் இருக்கும்படி செய்தல் நலம். ஒன்றை மறந்தாலும் மற்றது காக்கும். மறதி மனிதர்க்கு இயல்பு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இனி நாயைப் பழக்கும் முறைக்கு வருவோம். அடிப்பதைப் பற்றிய எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: அதனால் பயனில்லை, கேடும் உண்டு. சில நிமிடங்களுக்கு முன் செய்த செயலுக்கு இப்போது அடி விழுகிறது என்று நாய் சேர்த்துப் பார்ப்பதில்லை. குஞ்சின் மணம் வந்தால் அடி விழும் என்பதையே அது கற்கும். அதன்பின் நாம் இருக்கும்போது குஞ்சைப் பாராததுபோல் இருந்து, நாம் இல்லாதபோது தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

நாங்கள் பின்பற்றிய முறை மெதுவானது. முதல் இரண்டு நாட்கள் குஞ்சுகள் படுத்த பழந்துணி ஒன்றை மணியின் சோற்றுத் தட்டுக்கு அருகே போட்டு வைத்தோம். புதிய மணம் பழைய மணமாவதற்கு அது உதவிற்று. பிறகு நாய் நன்றாக உண்டு, நடந்து களைத்திருக்கும் மாலை வேளையில், கயிற்றில் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பத்தடி தொலைவில் உட்கார வைத்தோம். பெட்டியை நோக்கி ஒரு பார்வை. பிறகு நம்மைத் திரும்பிப் பார்க்கும். பார்த்த அக்கணமே முள் நீக்கிய வெந்த மீன் துண்டு ஒன்று. பெட்டியை விட்டு நம்மைப் பார்ப்பது இலாபமுள்ள தொழில் என்று அது கண்டுகொள்ள இரண்டு நாட்கள் ஆயின. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், இரண்டு வேளை; அதற்கு மேல் இல்லை. பத்தடி எட்டடியாகி, எட்டடி ஐந்தடியாயிற்று. "வேண்டாம்" என்ற ஒரே சொல்லை வீட்டார் அனைவரும் ஒரே தொனியில் கூற வேண்டும் என்பதில்தான் எங்களுக்குச் சிரமம் இருந்தது. ஒருவர் "போ" என்பார், ஒருவர் "ச்சீ" என்பார், பாட்டி துடைப்பத்தை எடுப்பார். நாயைப் பழக்குவதற்கு முன் வீட்டாரைப் பழக்க வேண்டியிருந்தது.

இந்நிலையில் நாயின் உடலைப் படிக்கத் தெரிந்திருப்பது இன்றியமையாதது. வாய் சற்றுத் திறந்து, உடல் தளர்ந்து, முகர்ந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பும் நாய் ஆவலோடு இருக்கிறதே தவிர வேறொன்றுமில்லை. வாய் இறுக மூடி, உடல் விறைத்து, ஒரு முன்னங்காலைத் தூக்கியவாறு இமை கொட்டாமல் நோக்கி, பெயர் சொல்லி அழைத்தாலும் காது திருப்பாமல் நிற்கும் நாயை உடனே அப்பால் கொண்டு செல்ல வேண்டும். வால் ஆடுவதை மட்டும் நம்பிவிடலாகாது. எங்கள் மணி குஞ்சை அமுக்கியிருந்தபோதும் அதன் வால் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

குஞ்சைக் கையில் எடுத்து நாயின் மூக்கருகே காட்டி நட்பு ஏற்படுத்துவது குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த காரியம். இதனை அறவே தவிர்க்க வேண்டும். கையில் துடிக்கும் குஞ்சு நாய்க்குத் தின்பண்டம் போலவே தோன்றும்; குறி தவறினால் குழந்தையின் விரலுக்கும் ஆபத்து. நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போடப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

சுகாதாரம் பற்றிச் சில சொற்கள். குஞ்சின் எச்சத்தில் சால்மோனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும்; பார்வைக்கு நலமாயுள்ள குஞ்சிலும் அது இருக்கலாம். நாய் எச்சத்தை நக்கும். பிறகு குழந்தையின் முகத்தை நக்கும். பழைய உமியை அள்ளியதும் எருக்குழியில் போட்டு மூடிவிட வேண்டும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். குஞ்சுத் தீவனத்தில் இரத்தக் கழிச்சலைத் தடுக்கும் மருந்து கலந்திருப்பதுண்டு. அம்மருந்துகளில் சில நாய்க்கு நஞ்சாகும்; ஆதலால் தீவன மூட்டையை மூடியுள்ள தகர டப்பாவில் வைத்தல் நன்று. இறந்த குஞ்சை நாய்க்கு எறிவது கிராமங்களில் கண்கூடு. நோயும் பரவும், நாமே நாய்க்குத் தவறான பாடமும் கற்பித்தவராவோம். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுக.

நாயின் வாயினின்று தப்பிய குஞ்சைக் கோழிக் கழிச்சலுக்குப் பறிகொடுப்பதில் பொருளில்லை. 1927ஆம் ஆண்டில் குமாயூன் மலைப்பகுதியிலுள்ள ராணிக்கேத் என்னும் ஊரில் கண்டறியப்பட்டமையால் அவ்வூரின் பெயராலேயே நம் நாட்டில் வழங்கும் நோய் அது. ஒரு வாரத்திற்குள் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் தடுப்பூசியும் போட்டுக்கொண்டால் அச்சமில்லை. அரசு கால்நடை மருந்தகங்களை அணுகினால் விவரம் கிடைக்கும்.

அடைக்கோழி ஒன்று வீட்டில் இருக்குமானால் இவ்வளவு தொல்லையும் வேண்டாம் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. முட்டைகளை 21 நாட்கள் அடைகாத்து உட்கார்ந்திருக்கும் கோழியின் கீழ், இருட்டிய பிறகு ஒருநாட் குஞ்சுகள் சிலவற்றை மெல்ல நுழைத்துவிட்டால், விடிந்ததும் அவற்றைத் தன் குஞ்சென்றே பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். தாய்க்கோழி நாய்க்கு ஒரே ஒரு முறைதான் பாடம் சொல்லும். மூக்கில் விழும் அந்தக் கொத்து எங்கள் மூன்று வார மீன் துண்டுகளுக்குச் சமம். ஆனால் ஒரு கோழியின் சிறகு 10 அல்லது 12 குஞ்சுகளுக்குத்தான் இடங்கொடுக்கும். எல்லார் வீட்டிலும் வேண்டும்போது அடைக்கோழி இருப்பதுமில்லை.

ஐந்தாம் வாரத்தில் குஞ்சுகளை முற்றத்திற்கு விட்டோம். முதல் பத்து நாட்கள் பஞ்சாரத்தின் கீழ், மணி கயிற்றில். பிறகு பஞ்சாரமின்றிக் குஞ்சுகள் மேய, மணி கயிற்றோடு எங்கள் காலடியில் படுத்திருந்தது. ஒரு குஞ்சு படபடவென்று ஓடியபோது அதன் காது நிமிர்ந்தது, எழவில்லை. கயிற்றை அவிழ்த்து விட்டது எட்டாம் வாரத்தில்தான். அப்போதும் எங்களில் ஒருவர் திண்ணையில் இருந்தோம். இரவில் குஞ்சுகள் கூண்டில் அடைந்து, கூண்டுக்குக் கொக்கி போட்டபின்னரே மணிக்கு முற்றத்தில் காவல். கீரியும் காட்டுப்பூனையும் கூண்டை நாடி வரும் நேரம் அது. பகலில் பருந்து வட்டமிட்டால் குரைக்கும் பழக்கமும் அதற்கு வந்துவிட்டது, நாங்கள் கற்பித்ததன்று.

எல்லா நாயும் இவ்வாறு திருந்தும் என்று நாங்கள் உறுதி கூறவில்லை. ஒரு வயதுக்குட்பட்ட நாய்க்கு விளையாட்டுப் புத்தி போகும்வரை பொறுக்க வேண்டும். பலமுறை குஞ்சைக் கொன்று தின்ற நாயைக் கோழி மேயும் வேளையில் கட்டி வைப்பதொன்றே வழி. அதனைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் அக்கரையில் கொண்டுபோய் விடுவது மட்டும் வழியன்று. பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அதனினும், அக்கரையில் விட்ட நாய் அங்கே வேறொருவர் வீட்டுக் குஞ்சைத்தானே தேடிப் போகும்!

எங்கள் 24 குஞ்சுகளில் ஒன்று இரத்தக் கழிச்சலிலும், இரண்டு பருந்தின் காலிலும் போயின. இருபத்தொன்று வளர்ந்தன. அவற்றுள் பெட்டைகள் இப்போது முட்டையிடத் தொடங்கியுள்ளன. ஒரு பெட்டை நாள்தோறும் மணி படுக்கும் சாக்கின் மேல்தான் முட்டையிடுகிறது. மணி எழுந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அது கொக்கரித்து இறங்கும் வரை காத்திருக்கிறது. முட்டையை நாங்கள் உடனே எடுத்துவிடுகிறோம். அந்தச் சோதனையை அதற்கு வைப்பதில்லை.